செவலையிடம் சொன்ன சேதி

எங்கள் அப்பா அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. துக்கம் கேட்க வந்த உறவினர் பலரும் அவருடைய கண்டிப்பைப் புகழ்ந்தார்கள். "மீசை முளைச்ச மகன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பாரா? அப்படி ஒரு மனுஷன்" என்றார் சித்தப்பா. பத்திரிகையில் வேலை பார்த்த மகள் நான். அந்தப் புகழைச் சரிபார்க்காமல் அச்சுக்குத் தர இயலவில்லை.

அப்பா பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரில். மிராசுதார் நிலத்தைக் குத்தகைக்கு உழுதார். விவசாயச் சங்க மேடையில் ஏறினால் மைக்கை விடமாட்டார். அண்ணனுக்கு மீசை அரும்பியதும் அவரிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டார். "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அம்மாவிடம். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்பார் அண்ணன் என்னிடம். நாங்கள் இல்லாவிட்டால் இருவரும் கொட்டகையிலிருந்த செவலைக் காளையைப் பார்த்துப் பேசுவார்கள்.

ஆட்சி மாறி, உழுகிறவர் பெயரைத் தாலுகா ஆபீசில் பதியத் தொடங்கிய காலம். மிராசுதார் முந்திக்கொள்ளப் பார்த்தார். அம்மாவும் நானும் வேதாரண்யத்தில் மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். டீக்கடையில் காதில் விழுந்ததை அண்ணன் கொட்டகைக்கு வந்து காளையிடம் சொன்னார்.

"இந்தா, தின்னு. விடிஞ்சா மிராசுதார் வெளியூர் ஆள இறக்கி நம்ம வயல அறுக்கப் போறாராம்."

பக்கத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்த அப்பாவும் காளையிடமே பதில் சொன்னார்.

"கேட்டியாடா? மூஞ்சியப் பாத்துச் சொல்லத் துப்பில்லாதவன் பேச்ச நம்பி நான் சங்கத்தக் கூட்டணுமாம்."

விடிந்ததும் வெளியூர் ஆட்கள் இறங்கினார்கள். அப்பா ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனபோது நெற்கட்டுகள் வண்டி ஏறியிருந்தன. விசாரிக்க வந்த அதிகாரி, அறுத்தவர் கையில்தான் நிலம் என்று முடித்துவிட்டார். மீதிக் காலம் அப்பா அதே வயலில் கூலிக்கு ஏர் ஓட்டினார்.

அப்பா இருந்தபோதே இருவரையும் தனித்தனியே விசாரித்தேன். "அவன் என்கிட்டயா சொன்னான்? மாட்டுக்கிட்டல்ல சொன்னான்" என்றார் அப்பா. "அவரு காதுலதானே விழுந்துச்சு" என்றார் அண்ணன். இரண்டும் உண்மை. இரண்டையும் உலையில் போட முடியாது. இந்த வீம்புக்குத்தான் சொந்தபந்தங்கள் கண்டிப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

கடைசி நாட்களில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அண்ணன்தான் இரவும் பகலும் உடனிருந்தார். "நர்ஸம்மா, தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்பார். "வேணாம்னு சொல்லும்மா" என்பார் அப்பா. காளைக்குப் பதில் நர்ஸ்.

மருத்துவமனைப் பணியாளர்களுக்கும், பந்தல் போட்டுத் தந்த பக்கத்து வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

கருமாதியன்று பந்தி ஏன் தாமதம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அண்ணன் என்னிடம், "அவனை இலை போடச் சொல்லு" என்றார். அவன் என்றது, அவர் தோளை ஒட்டி நின்ற அவருடைய மகன். அவனுக்கும் இப்போது மீசை அரும்பிவிட்டது. நான் சொல்லவில்லை.

இன்று, வருஷத் திதிப் பந்தியிலும் சொல்லப்போவதில்லை. அண்ணன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பந்தி நடக்கும். அதுவரை பசி பொறுத்தருள வேண்டுகிறேன்.