வரைபடத்தில் இல்லாத தறிக்குழி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து எங்களோடு அமர்ந்து உணவருந்தும் உற்றார் உறவினர், நண்பர்கள், கட்டடப் பொறியாளர் சங்கத்துப் பெரியவர்கள் அனைவருக்கும் தங்கையான என் வணக்கம். இந்த நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி வீட்டில் கேட்டார்கள். பள்ளி ஆசிரியை என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. அக்காவைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் கூடவே வெட்கப்பட வேண்டிய ஒன்றையும் எழுதியாக வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்பவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு கோபித்துக்கொள்ளலாம்.

அக்கா பிறந்தது ஐயம்பேட்டையில். அப்பா பட்டு நெசவாளர். வீட்டின் கூடத்தில் தறி, தறிக்கு முன்னால் தரையில் தோண்டிய குழி. நெய்பவர் தரையில் உட்கார்ந்து குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத்தான் மிதியை மிதிக்க வேண்டும். தறி ஓய்ந்திருக்கும் நேரத்தில் அந்தக் குழியில் காலை விட்டுக்கொண்டு அக்கா வீட்டுப்பாடம் எழுதுவார். பாலிடெக்னிக்கில் கட்டடப் படிப்புக்குச் சேர்ந்தபோது, “பொம்பளப் புள்ள சாரத்துல ஏறி நின்னா பாக்க நல்லாவா இருக்கும்?” என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். சிரித்த அத்தனை பேரும் பிற்பாடு வீடு கட்ட அக்காவிடம்தான் வந்தார்கள், அதுவும் உறவைச் சொல்லி பீஸைக் குறைக்கச் சொல்லிக்கொண்டு.

திருமணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்தபின் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், அக்கா அலுவலகம் வைத்தார். மாமா, அதாவது அக்காவின் கணவர், பக்கபலமாக இருந்தார். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கலவையில் மண் அதிகமாக இருந்தால் மேஸ்திரியின் பரம்பரையையே இழுத்துவிடுவார். பாராட்டுவதில் மட்டும் மகா கஞ்சம். நான் ஆசிரியை வேலைக்குத் தேர்வானபோதுகூட “சரி, பஸ்ஸுக்கு லேட்டாகாம போ” என்றார், அவ்வளவுதான்.

பிள்ளையார்பாளையத்தில் பச்சையம்மாள் என்ற நெசவாளர் வீட்டுக்கு மாடி கட்ட வரைபடம் போட்டவர் அக்கா. வங்கிக் கடனுக்கும் நகராட்சி அனுமதிக்கும் அந்த வரைபடம்தான் போக வேண்டும். நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தறிக்குழியைக் காட்டினால் குடியிருப்பா தொழிற்கூடமா என்று கேள்வி வரும், கோப்பு திரும்பி வரும் என்று பயந்து, குழி இருக்கும் இடத்தைச் சமதரையாக வரைந்து ‘ஹால்’ என்று எழுதிவிடுவார்கள். வீட்டுக்காரருக்கும் அது தெரியும், பொறியாளருக்கும் தெரியும். அக்காவும் ‘ஹால்’ என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தறிக்குழியின் ஓரத்தில் வளர்ந்த எங்கள் அக்காதான் அப்படிச் செய்தார்.

வரைபடத்தில் குழி இல்லாததால், மாடியைத் தாங்கும் தூண் ஒன்று குழியை ஒட்டியே வந்துவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் குழிக்குள் நீர் ஊறி அதன் பக்கச்சுவர் சரிந்தது, தூண் இறங்கியது, மேலிருந்த பரண் பெயர்ந்து விழுந்தது. பச்சையம்மாள் அப்போது தறியில் இருந்தார். குழிக்குள் இருந்த காலைச் சட்டென்று வெளியே எடுக்க முடியவில்லை. உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் காலால் அதன்பிறகு மிதியை மிதிக்க முடியவில்லை, கோலூன்றித்தான் நடக்கிறார்.

விபத்துக்கு மறுநாள் சங்கத்து நண்பர்கள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். வந்தவர்களில் மூத்தவர் சொன்னார்: “மேடம், எதுக்கு பயப்படுறீங்க? ப்ளான்ல ஹால்னுதானே இருக்குது? அவங்க பின்னாடி குழி தோண்டிட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்களுக்கும் சங்கத்துக்கும் எந்தத் தொல்லையும் வராது.”

அக்கா சொன்னார்: “அந்தக் குழில கால வுட்டுக்கினு ஒக்காந்து நான் காப்பி குடிச்சிருக்கேன்பா. பச்சையம்மாதான் போட்டுக் குடுத்துச்சு. எந்த மூஞ்ச வச்சுக்கினு குழி இல்லன்னு எழுதறது?”

விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் அப்படியே சொன்னார். குழி முன்பே இருந்தது, எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன் என்றார். உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். கையில் இருந்த வேலைகளெல்லாம் மற்றவர்களிடம் போயின. மாமா கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை, ஆனால் சில மாதம் அவர்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை.

உரிமம் திரும்பக் கிடைத்த பின்புதான் அக்காவின் உண்மையான வேலை தொடங்கியது என்று சொல்வேன். சங்கத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் சால்வை போட்டு, பிஸ்கட் கொடுத்து அனுப்புவது வழக்கம். சால்வை போட்டு முடித்ததும் அக்கா எழுந்து நிற்பார். “நான் கண்ணால பாத்த குழிய மறைச்சு கையெழுத்து போட்டவ. அதனால ஒரு பொம்பளைக்கு கால் போச்சு. நீங்க போடாதீங்க” என்பார். அதோடு விடமாட்டார். மறுநாள் அந்தப் புது உறுப்பினரை ஒரு நெசவாளர் வீட்டுக்கு அழைத்துப்போய், குழிக்குள் இறங்கி நிற்கச் சொல்லி, அங்கிருந்து தூணைப் பார்க்கச் சொல்வார். வெள்ளைச் சட்டையோடு வந்தவர்கள் நெளிவார்கள். சிலர் அன்றோடு அக்காவைக் கண்டால் வேறு தெருவில் போனார்கள். சிலர் மட்டும் அடுத்த வரைபடத்தில் குழியை வரைந்து எடுத்துவந்து காட்டினார்கள். அப்படி யாராவது வந்த நாளில் அக்கா எங்கள் எல்லோருக்கும் போன் செய்துவிடுவார்.

‘குழி மேடம்’ என்று ஊரில் அவருக்குப் பெயர் வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “நீங்க குழி மேடம் தங்கச்சிதானே?” என்று கேட்கும்போது எனக்கு மானம் போகும். ஒரு தடவை அக்காவிடமே கேட்டேன், “இன்னும் எத்தினி வருஷத்துக்குக்கா இதையே சொல்லிக்கினு இருப்ப? எங்களுக்கெல்லாம் வெக்கமா இருக்குதுல்ல?” என்று. “எனக்கு மட்டும் இல்லையாடி?” என்றார்.

கடைசி மாதங்களை மருத்துவமனையில் கழித்தார். மூச்சு விடவே சிரமப்பட்டபோதும் கூரையில் விரிசலைப் பார்த்துவிட்டு, “இதுக்கு யார் கையெழுத்து போட்டது?” என்று நர்ஸைக் கேட்டுச் சிரிக்க வைத்தார். மகன் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினார்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமானது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பச்சையம்மாள் ஷேர் ஆட்டோவில் வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். சங்கத் தலைவர் உருக்கமாகவே பேசினார். “வீட்டுக்காரங்க தெரியாத்தனமா தோண்டுன குழிக்கு, மேடம் பழிய தன் தலையில போட்டுக்கினாங்க. அப்பேர்ப்பட்ட மனசு யாருக்கு வரும்?” என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். என் தலையும் அசைந்ததா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும், அக்காவின் பெயர் சுத்தமாகிவிட்டது என்று ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பச்சையம்மாள் எழுந்து கோலை ஊன்றி மெல்ல வந்தார். வாசலருகே இருந்த என்னிடம், “நாங்க தோண்டலம்மா. ஒங்க அக்காவுக்குத் தெரியும்” என்றார். மேடையில் மைக் இருந்தது. குடும்பத்தார் பேச வேண்டும் என்று என்னை இருமுறை கூப்பிட்டார்கள். எழுந்துபோய், வந்தவர்களுக்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எந்தப் பொய்யைச் சொல்ல மறுத்து அக்கா பிழைப்பையே இழந்தாரோ, அதே பொய்யை அவர் படத்துக்கு மாலைபோட்டுச் சொன்னோம்.

தலைவர் பேசியதையே மலரிலும் போட்டுவிடலாம் என்றார் மாமா. “பையன் அவங்க நடுவுலதான் தொழில் பண்ணிக்கினு இருக்கான்மா. போனவங்க பேரு நல்லபடியா இருந்துட்டுப் போவட்டுமே” என்றார். அவர் கவலை நியாயமானதுதான். அக்காவின் மகன் அதே அலுவலகத்தில், அதே சங்கத்தில் இருக்கிறான். அவனிடமே கேட்டேன். “எழுதுங்க சித்தி. என்னையும்தான் அந்தக் குழில எறக்கி நிக்க வச்சாங்க” என்றான்.

ஆகவே எழுதுகிறேன். குழி முன்பே இருந்தது. அக்கா அதைப் பார்த்திருந்தார். தவறு அக்காவுடையது. பச்சையம்மாள் குடும்பத்தார் மீது அன்று சொல்லப்பட்ட பழிக்கு, கேட்டும் வாய்மூடி இருந்த எங்கள் குடும்பத்தின் சார்பில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறேன். சங்கத்துப் பெரியவர்களே, அக்காவைப் புகழ வேண்டாம். நாளைக்கு உங்கள் மேசைக்கு வரும் வரைபடத்தில் குழியைக் காட்டுங்கள், போதும்.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூடவே நின்ற தெருக்காரர்களுக்கும், சாரம் கட்டும் தொழிலை ஒருநாள் நிறுத்திவிட்டு அக்காவைச் சுமந்த மேஸ்திரிகளுக்கும் எங்கள் நன்றி. திட்டு வாங்கியவர்கள்தான் அன்று அதிகம் அழுதார்கள்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையைப் பச்சையம்மாள் வீட்டுக்கு எடுத்துப்போய் நானே படித்துக் காட்டப் போகிறேன். அவர் வேண்டாம் என்றால் மலரே கிடையாது, அக்காவின் படத்தை மட்டும் கொடுத்துவிடுவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஆகவே இந்த மலர் இன்று உங்கள் கையில் இருக்கிறது என்றால், அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கை