லிஃப்டை நிறுத்தியவன்

என் தம்பிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேஜைமேல் தண்ணீர் டம்ளர் அலையடிக்கும். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காக இருந்தான். மழையில் பைக் வழுக்கி அவன் போன பிறகு, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "ரொம்ப நல்ல பையன்" என்றார்கள். உயிரோடு இருந்தவரை அப்படி ஒருவரும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

நான் ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில், தேர்வுக்காகச் சத்தம் போட்டுப் படித்த கிரேக்கக் கதை ஒன்று அவன் காதில் விழுந்தது. தீசியஸ் என்ற வாலிபன் அப்பாவைத் தேடி நடந்து போகிறான். வழியெல்லாம் கொள்ளையர்கள். ஒருவன் வழிப்போக்கர்களைக் கட்டிலில் கிடத்துவான். கால் நீண்டிருந்தால் வெட்டுவான், குட்டையாக இருந்தால் இழுத்து நீட்டுவான். தீசியஸ் அவனை அதே கட்டிலில் கிடத்துகிறான். இன்னொருவன் ஆட்களைப் பாறையிலிருந்து கடலுக்குள் உதைத்துத் தள்ளுவான். அவனுக்கும் அதே பாறை, அதே கடல்.

"அது நான்தான்க்கா," என்றான் தம்பி.

"எது?"

"அந்த ஆளு. போன பிறவில நான். இப்பதான் ஞாபகம் வருது."

"போன பரீட்சையில என்ன கேட்டாங்கன்னே உனக்கு ஞாபகமில்ல. போன பிறவி மட்டும் வந்துடுச்சாக்கும்!"

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் அவனுக்கு அது ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருமுனைத் துணிக்கடை முதலாளி, விற்பனைப் பெண்களை நாள் முழுக்க உட்காரவே விடமாட்டார். ஒருநாள் அவருடைய நாற்காலி காணாமல் போனது. புதிதாக வாங்கியதும் போனது. இரண்டும் எங்கள் மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. அடுத்தவர் வாசலை மறித்தே காரை நிறுத்தும் பக்கத்து வீட்டுக்காரர், ஒருநாள் காலையில் தன் காருக்கு முன்னும் பின்னும் லிஃப்ட் கம்பெனி வேன்கள் நிற்பதைப் பார்த்தார். அடிதடி கிடையாது. அவரவர் செய்ததை அவரவருக்கே செய்துவிட்டு வருவான். வந்ததும் அடுத்தவன் யார் என்று தேட ஆரம்பித்துவிடுவான்.

அப்படித்தான் சித்தியின் விஷயத்துக்கு வந்தான்.

அம்மா இறந்த பிறகு எங்களை வளர்த்தவள் சித்தி. ஒரு பெரிய குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில் இரண்டு வீடுகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வருபவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது, படிக்கட்டில்தான் போக வேண்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் அறிவிப்பு ஒட்டினார். சித்திக்கு ஏற்கெனவே முட்டி வீங்கியிருந்தது. முட்டி மக்கர் பண்ணினால் வேலை போய்விடும். அந்த வயதில் சமைக்க இன்னொரு வீடு கிடைக்காது. இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த லிஃப்டைப் பராமரித்தது தம்பியின் கம்பெனி. முதலில் மரியாதையாகவே போய்க் கேட்டான்.

"எல்லாரையும் ஏத்தினா குடியிருக்கிறவங்க எப்பப்பா போறது?" என்றார் செயலாளர். "படி ஏறுறது உடம்புக்கு நல்லதுதான்."

"நல்லதா சார்?"

"டாக்டருங்களே சொல்றாங்களே."

அன்று சாப்பிடும்போது அவன் கால் ஆடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து, காலையில் சித்தி கட்டடத்துக்குள் நுழையும் நேரத்துக்கு லிஃப்ட் நின்றுவிடும். கீழே 'பராமரிப்புப் பணி' என்று பலகை. மேலே மெஷின் அறையில் தம்பி சுவிட்சை இறக்கிவிட்டுக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பான். சித்தி ஒன்பதாவது மாடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் லிஃப்டுக்கு உயிர் வரும். செயலாளர் வீடும் ஒன்பதாவது மாடி. அவர் நடைப்பயிற்சி முடித்துத் திரும்புவதும் அதே நேரம்.

சித்திக்கு இது எதுவும் தெரியாது. சாயங்காலம் வந்து கதை சொல்வாள்.

"இன்னிக்கு அந்தச் செயலாளர் சார் ஆறாவது மாடில என் பக்கத்துலயே உட்கார்ந்துட்டாரு. 'ஏம்மா, தினமும் இப்படியா ஏறுறே?'ன்னாரு. 'இல்ல சார், சில நாள் பறந்து வருவேன்'னேன்."

தம்பிக்குப் புரையேறியது. "அவரு என்ன சொன்னாரு?"

"மூச்சு வாங்குற மனுஷன் என்னத்தச் சொல்றது? பாவம்டா, அந்த லிஃப்டச் சீக்கிரம் சரி பண்ணிக் குடேன்."

"உனக்கென்ன வந்துச்சு? நீயா ஏறப் போறே?"

சித்தி உள்ளே போனதும் நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "அங்க வயசானவங்க இருப்பாங்க, குழந்தைங்க இருக்கும். நிறுத்திடுடா."

"இன்னும் ரெண்டே நாள்க்கா. மனுஷன் இப்பதான் கேள்வி கேக்கவே ஆரம்பிச்சிருக்காரு."

மறுநாள் ஏழாவது மாடித் திருப்பத்தில் சித்தியின் முட்டி மடங்கிவிட்டது. கைப்பிடியை எட்டிப் பிடிப்பதற்குள் நான்கு படி சரிந்து விழுந்தாள். பின்னால் வந்த செயலாளர்தான் அவள் தலை சுவரில் மோதாமல் தாங்கினார். தாங்கியவர் கத்தினார்.

"யாருய்யா கீழ? லிஃப்டைக் கொண்டாங்க! இந்தம்மாவை லிஃப்டுல இறக்கணும்!"

"லிஃப்ட் ஓடல சார்!" என்று கீழேயிருந்து வாட்ச்மேன் குரல் வந்தது.

தம்பிக்கு மெஷின் அறையில் இரண்டு குரலும் கேட்டன. அவன் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால், பழுது பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் ஸ்பானரைத் தட்டிவிட்டு ஓடவிட்டிருப்பார்கள். இவன் அடுத்த நொடியே சுவிட்சை ஏற்றினான். லிஃப்டிலேயே ஏழாவது மாடிக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான் கீழே கிடப்பது யார் என்று பார்த்தான்.

மூவரும் லிஃப்டில் இறங்கினார்கள். சித்தி தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இதுல என்னடா ரிப்பேரு?"

"ஒண்ணுமில்ல சித்தி."

"ஒண்ணுமில்லாமயா இத்தன நாளா நின்னுச்சு?"

செயலாளர் அவனையே பார்த்தார். சித்திக்குப் புரிந்துவிட்டது. குனிந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கன்னத்தில் பளார் என்று ஒன்று வைத்தாள்.

செயலாளர் புகார் கொடுத்தார். தம்பிக்கு வேலை போனது. அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். அதே செயலாளர், சித்திக்கு முட்டி சரியாகி வேலைக்கு வரும்போது லிஃப்டிலேயே வரட்டும், அவள் மட்டும், என்று சொல்லியனுப்பினார்.

தம்பி குதித்தான். "வேணாம்னு சொல்லு சித்தி! எல்லாரையும் ஏத்தினாத்தான் நானும் ஏறுவேன்னு சொல்லு!"

"என் முட்டிய வெச்சு நீ சண்டை போட்டது போதும்டா," என்றாள் சித்தி. "இனிமே போடணும்னா உன் முட்டிய வெச்சுப் போடு."

அவன் அறைக்குள் நடந்தான், வெளியே போனான், மறுபடியும் வந்தான்.

சித்தி திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், என்னையும் இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் போய் நின்றான். அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் சாலையைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. ஏறுபவர்கள் ஒவ்வொரு ஜன்னலாகத் தெரிந்து மறைவார்கள். சித்தி வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். முதல் ஜன்னலில் அவள் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை.

"ஏறிட்டாக்கா," என்றான். "லிஃப்டுல ஏறிட்டா."

சற்று நேரத்தில் ஒன்பதாவது மாடிச் சமையலறை ஜன்னல் திறந்தது. திறந்தது சித்தியின் கைதான்.

"அப்புறமென்ன? வா, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு."

அவன் நகரவில்லை. மூன்றாவது ஜன்னலில், தோளில் தண்ணீர் கேனோடு ஒரு பெண் தெரிந்தாள். நான்காவதில் கேனை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். பிறகு தோள் மாற்றித் தூக்கினாள்.

"நீ போக்கா. அவ ஏறி முடிக்கட்டும்."

பஸ் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அண்ணாந்தபடி, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.