ஏத்துக்கூலி

என் மேசைமேல் ஒரு சின்னக் காகித மடிப்பு இருக்கிறது. பிரிந்துவிடாமலிருக்க அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. அரக்கு நிறம், கொஞ்சம் பெரியது. உள்ளே நகத்தளவு மெமரி கார்டு. போன வாரம் சிலமலை கிராமத்தில் இறந்துபோன பேச்சியம்மாளின் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாம். அவர் மகன் அதை எடுத்துக்கொண்டு போடியில் என் அத்தையிடம் வந்திருக்கிறார். அத்தை அவரையும் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். “நீ வக்கீலு, உங்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு. இதுல உள்ளதை இந்தத் தம்பி போன்ல ஏத்திக் குடு ஆத்தா” என்றாள். காத்திருந்த கட்சிக்காரரை நகர்ந்து உட்காரச் சொல்லி, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தும்கொண்டாள்.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட மடிப்புகள் அத்தையின் கடையில் குவிந்து கிடக்கும். மாமா இறந்தபின் கம்மலை விற்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, மலைக்கு ஜீப்பு கிளம்பும் இடத்துக்கு எதிரே கடை போட்டாள். அதுதான் அவளுக்குச் சோறு போட்டது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சாயங்காலம் கார்டைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் படம் ஏறிய கார்டோடு மலையேறுவார்கள். மேலே சிக்னல் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். எந்தக் கார்டு யாருடையது என்று குழம்பாமலிருக்க, நெற்றியில் இருக்கும் பொட்டை எடுத்து மடிப்பில் ஒட்டிவிடுவது அவர்களாகவே கண்டுபிடித்த ஏற்பாடு. பொட்டைப் பார்த்தே அத்தை ஆளைச் சொல்லிவிடுவாள். அரக்குப் பொட்டுக்கு அழுகைப் படம் ஆகாது, சிரிப்புப் படம்தான் ஏற வேண்டும்.

நான் அப்போது மதுரையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் அவளோடு மல்லுக்கட்டுவதே என் சோலி. படம் எடுத்தவர்களைக் கேட்காமல் பிரதி எடுத்து விற்பது குற்றம், ஜெயிலில்கூடப் போடலாம் என்பேன். அத்தை அசரமாட்டாள். “நான் படத்தை எங்க விக்கிறேன் ஆத்தா? படம் பாட்டுக்கு ஊரு பூரா சுத்துது. நான் வாங்குறது ஏத்துக்கூலி. மூடை ஏத்துறவன் கூலி வாங்கலையா?” இதற்கு என் பாடப்புத்தகத்தில் பதில் இருந்தது. ஆனால் அத்தையிடம் பேசி ஜெயிக்க அது மட்டும் போதாது.

ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு அந்தப் பெண்களோடு ஜீப்பில் ஏறிப் போனாள். அவர்கள் காய் எடுத்துக்கொண்டே பாடுவதைத் தன் போனில் வீடியோ பிடித்தாள். “சினிமாவுல போடுற மாதிரி எங்க பேரையும் போடுவியா?” என்று பேச்சியம்மாள் கேட்டிருக்கிறார். எழுத்துப் போட அத்தைக்குத் தெரியாது. அதனால் பாட்டுக்கு முன்னால் ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, அவரவர் வாயாலேயே பேரும் ஊரும் சொல்ல வைத்தாள். யார் போனில் ஓடினாலும் உங்கள் பேர் வரும் என்று வாக்கும் கொடுத்தாள். அந்த வீடியோ அடிவாரத்து ஊர்களில் பிய்த்துக்கொண்டு ஓடியது.

ஆனால் பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு கடைக்காரர், பேர் சொல்லும் இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, அங்கே தன் கடைப் பேரைப் போட்டு ஏற்றிக்கொடுக்கிறார் என்று தெரிந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்சிலேயே அத்தை கிளம்பினாள். அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். “கோவிச்சுக்காதீங்கக்கா. ஒங்க வீடியோவ நான் விக்கலையே. ஏத்துக்கூலிதான வாங்குறேன்.”

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. வெளியே வந்ததும் கேட்டாள். “அது என்னுதுதான? சட்டத்துல என்ன சொல்லுது?” எடுத்தது நீங்கள், எங்கும் பதியாவிட்டாலும் உரிமை உங்களுடையதுதான் என்றேன். “அப்ப வெரசா வா” என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. அத்தாட்சிக்கு என்று சுருக்குப்பையிலிருந்து அவள் எடுத்துக் கொடுத்தது, கடையில் தினமும் எல்லோருக்கும் ஏற்றிக்கொடுக்கிற அதே கார்டு. ஏட்டையா போனில் போட்டுப் பார்த்தார். மலைப்பாட்டுக்கு மேலேயும் கீழேயும் சினிமாப் படங்கள் வரிசையாக நின்றன. “இந்தப் படத்துக்கு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போகலாம்னு இருந்தேன்” என்றார் ஒன்றைக் காட்டி. பிறகு கார்டைத் திருப்பி நீட்டினார். “புகாரை எழுதுனா இதும் கேசுல சேரும். ஒங்க கம்ப்யூட்டரும் போயிரும். பேசாம எடுத்துக்கிட்டுப் போயிருங்க, நீங்க வரவும் இல்ல, நான் பாக்கவும் இல்ல.”

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அத்தை என் கையை விலக்கிவிட்டு, கார்டை ஏட்டையா பக்கமே தள்ளினாள். “அவன் செஞ்சது களவுன்னா நான் செஞ்சதும் களவுதானய்யா. அந்தப் பொம்பளைக பேரு திரும்ப வரணும். ரெண்டையும் எழுதுங்க.”

எழுதினார்கள். தேவாரத்தில் அந்த வெட்டிய வீடியோ நின்றது. அத்தையின் கம்ப்யூட்டரும் போனது. கோர்ட்டில் அபராதம் கட்டினாள். பல மாதம் பூட்டிக் கிடந்த கடையில் இப்போது போன் கவரும் சார்ஜரும் விற்கிறாள். மலையிலும் அங்கங்கே டவர் வந்துவிட்டது, கார்டு கேட்டு யாரும் வருவதில்லை. சட்டத்தை எனக்குப் பேராசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அதற்குத் தன் சோற்றையே பணயம் வைத்த ஒருத்தியை நான் பார்த்தது அன்று மட்டும்தான். அதன்பிறகு அவள்மேல் எனக்கிருந்த பிரியம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

அரக்குப் பொட்டைக் கிழியாமல் உரித்துக் கார்டைப் போட்டேன். திரையில் பேச்சியம்மாள் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, “நான் சிலமலை பேச்சியம்மா” என்றார். அவர் மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை மூக்கை உறிஞ்சினாள். மகன் போனில் ஏற்றி முடித்தபின் எனக்கும் ஒன்று வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. வீடியோ இன்னும் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, பட்டனை அழுத்தினால் ஆயிற்று. “அத்தை, நானும் ஒண்ணு ஏத்திக்கிறட்டா?” என்று கேட்டேன்.

அத்தை கார்டை மடிப்பில் வைத்து, அதே பொட்டை அதன்மேல் அழுத்தி ஒட்டினாள்.

“அதான் கேட்டுட்டியேத்தா. ஏத்திக்க. பேரை மட்டும் வெட்டிறாத.”