ஒரு வாளிச் சாறு

லே ஹியாங்கின் வலது கை கொக்கியைப் பிடித்து வாத்தைப் பானையிலிருந்து தூக்கியது. வயிற்றுக்குள் நிறைந்திருந்த கறுஞ்சாறு கடகடவென்று திரும்பப் பானையில் விழுந்தது. இடது கை அகப்பையில் சூடான சாற்றை மொண்டு, கழுத்துத் துளை வழியாக மறுபடி நிரப்பியது. பிறகு ஒரு முக்கல். உள்ளும் புறமும் ஒரே சூடாக இருந்தால்தான் தொடை வேகும்வரை மார்புக் கறி வறளாமல் தாங்கும். சோயாவில் ஊறி ஊறி அந்தக் கைகளின் நகமெல்லாம் பழுப்பேறியிருந்தது. எந்தச் சோப்புக்கும் போகாத கறை.

“வரிசையில கடைசி ஆளைப் பாரு,” என்றான் ஆ சுவான். கட்டையில் வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தவில்லை.

லே ஹியாங் பார்த்தாள். அவளுடைய அண்ணன் தெக் குவான், மற்றவர்களோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். இந்தக் கடை திறந்ததிலிருந்து அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

“நீ வெட்டு,” என்று கணவனிடம் சொல்லிவிட்டு, அடுத்த வாத்தைத் தூக்கினாள்.

அவர்கள் அப்பா வாத்துக் கடைக்காரர். பானைச் சாற்றை அவர் ஒருநாளும் கொட்டியதில்லை. இன்றைக்கு மிஞ்சியதில்தான் நாளைய வாத்து வேகும். காலையில் கொழுப்பை வழித்தெடுப்பதும், கடை மூடுமுன் சாற்றைத் தளதளவென்று கொதிக்கவைத்து, சூட்டோடு மூடினால் புளித்துவிடும் என்று துணி மட்டும் போட்டு ஆறவிடுவதும் சிறுவயதிலிருந்து லே ஹியாங்கின் வேலை. அண்ணனுக்கு வெட்டுக்கத்தி. அப்பா போனதும் கடை அண்ணனுக்கு வந்தது. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளும் ஆ சுவானும் வேறோர் உணவங்காடி நிலையத்தில் சொந்தக் கடை எடுத்தபோது, ஒரு தூக்குவாளியோடு போய் அண்ணன் முன்னால் நின்றாள். கடை பிரியும்போது வீட்டுப் பானையிலிருந்து ஒரு வாளி சாறு பிரித்துக் கொடுப்பது வாத்துக் கடைக்காரர்களிடம் உள்ள வழக்கம்தான்.

“கட்டிக் கொடுத்த பொண்ணுக்குச் சாறு கிடையாது,” என்றான் அண்ணன். “உன் புருஷன் குவெக் வீட்டு அடுப்புல ஏத்தவா நம்ம சிம் வீட்டுல இத்தனை காலம் கொதிக்க வெச்சோம்?”

“சரி. நான் தண்ணியில இருந்து தொடங்குறேன்,” என்று வெறும் வாளியோடு திரும்பினாள்.

தண்ணீரிலிருந்துதான் தொடங்கினாள். கற்கண்டைக் கருக்கி, சோயா ஊற்றி, அரத்தையும் பட்டையும் அன்னாசிப்பூவும் போட்டு எத்தனை கொதி கொதித்தாலும் அது சோயாத் தண்ணீராகவே இருந்தது. ஹொக்கியன் சீனர்களின் கடைகளைப் போல மாவு கரைத்துக் கெட்டியாக்கலாம் என்று ஆ சுவான் சொன்னபோது ஒருநாள் முழுக்க அவனோடு பேசவில்லை. டாக்சி ஓட்டும் கோ என்ற வாடிக்கையாளர் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “உன் வாத்து வெந்து வந்துச்சா, இல்ல குளிச்சிட்டு வந்துச்சா?”

“அடுத்த மாசம் வந்து பாருங்க,” என்றாள். அவர் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார்.

சீனப் பெருநாளுக்குக் கடையை மூடும்போது, சாற்றைத் தினமும் கொதிக்கவைக்க வேண்டுமே என்று, பானையைப் பழைய குழந்தை வண்டியில் கட்டி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவாள். மின்தூக்கியில் பேரப்பிள்ளை என்று குனிந்து கொஞ்சவந்தவர்கள் பானையைக் கண்டு பின்வாங்குவார்கள். “என்னை இப்படி ஒரு நாள் தள்ளிக்கிட்டுப் போயிருப்பாளா?” என்பான் ஆ சுவான்.

சாறு மெல்ல மெல்லக் கனத்தது. வரிசையும் நீண்டது. அவளுக்கு வேண்டியது இன்னும் ஒன்றே ஒன்று. அண்ணன் ஒருநாள் இங்கே உட்கார்ந்து சாப்பிட்டு, ருசி எப்படி என்று அவன் வாயால் சொல்ல வேண்டும்.

“ஒரு சாதம். தொடைக்கறி. முட்டை ஒண்ணு,” என்றான் தெக் குவான், தன் முறை வந்ததும்.

காசு கொடுத்த கையைப் பார்த்தாள். நகங்கள் வெளுத்திருந்தன. பல நாளாகப் பானையில் படாத கை.

அவள் தட்டை நிரப்பிக் கொடுத்தாள். அவன் எதிர் மேசையில் உட்கார்ந்து கறியைத் தின்றான், சாற்றைச் சோற்றில் பிசைந்து தின்றான், கிண்ணத்தில் மிஞ்சியதைக் கவிழ்த்துக் குடித்தான். தட்டோடு எழுந்து வந்தான்.

“அரத்தை தூக்கலா இருக்கு.”

“ஆமா.”

“அப்பா இவ்வளவு போட மாட்டாரு.”

“அப்பா பானைதான் உன்கிட்ட இருக்கே, அண்ணே. அதுல சாப்பிட வேண்டியதுதானே?”

தெக் குவான் தட்டை மேடையில் வைத்தான். “அது புளிச்சுப் போச்சு, ஆ ஹியாங்.”

ஆ சுவானின் கத்தி நின்றது.

“யாரு மூடினது?” என்றாள். புளித்தது என்றவுடனே அவளுக்கு அதுதான் தோன்றியது.

“நான்தான். கூரை ஒழுகுச்சு. மழைத்தண்ணி விழுந்துடக் கூடாதேன்னு, அடுப்பை அணைச்ச கையோட மூடியை அழுத்தி வெச்சிட்டுப் போயிட்டேன். காலையில திறந்தா ஒரே நுரை. கொட்டிட்டேன்.”

அவள் பானை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுட்டது. உடனே கையை எடுக்கவில்லை.

“ஒரு வாளி குடு,” என்றான் அண்ணன்.

“கட்டிக் கொடுத்த பொண்ணோட சாறு உங்க வீட்டு அடுப்புக்கு ஒத்துக்குமா, மச்சான்?” என்றான் ஆ சுவான்.

“நீ சும்மா இரு,” என்று அவனை அடக்கிவிட்டு, அண்ணனிடம் திரும்பினாள். “முதல்ல சொல்லு. எப்படி இருந்துச்சு?”

“அதான் சொன்னேனே, அரத்தை…”

“குத்தம் சொன்னே. ருசியைச் சொல்லலை.”

“தட்டுல ஒண்ணும் மிச்சமில்லையே, பாத்தல்ல?”

“பாத்தேன். வாயால சொல்லு.”

“சீக்கிரம் சொல்லித் தொலைப்பா, பசிக்குது!” என்று வரிசையிலிருந்து கோ கத்தினார்.

“நல்லா இருக்கு,” என்றான் தெக் குவான். “அப்பாவோடது மாதிரி இல்ல. ஆனா நல்லா இருக்கு.”

“இன்னொண்ணு. எங்கேயிருந்து வந்த சாறுன்னு யார் கேட்டாலும் தங்கச்சி பானைன்னு சொல்லணும்.”

“யாரு கேக்கப் போறா?”

“கேப்பாங்க. அரத்தை தூக்கலா இருக்கும்ல.”

அவன் தலையாட்டினான். அதன் பிறகும் அவள் அவசரப்படவில்லை. கூட்டம் கலையும்வரை அவன் உட்கார்ந்திருந்தான். லே ஹியாங் அலமாரி மேலிருந்து பழைய தூக்குவாளியை இறக்கினாள். அன்றைக்கு வெறுமனே திரும்பி வந்த அதே வாளி. வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். சாற்றைக் கொழுப்பு நீக்கி மறுபடி கொதிக்கவிட்டு, அடிவரை கலக்கி, வடிகட்டி, கழுத்துவரை நிரப்பினாள். மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினாள்.

தெக் குவான் பக்கத்திலிருந்த வாளி மூடிக்குக் கை நீட்டினான்.

“அது இங்கயே இருக்கட்டும்,” என்றாள். வாளியை இரண்டு கையாலும் தூக்கி மேடைக்கு மேலாக நீட்டினாள். அவன் நீட்டிய கையை மூடியிலிருந்து எடுத்து, மற்றதையும் சேர்த்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.