நீலப் பொட்டு வைத்த போல்ட்

எங்கள் மாப்பிள்ளை வண்டி மெக்கானிக். வீட்டை ஒட்டியே தகரம் போட்ட பட்டறை. விடிந்ததும் ஏதாவது ஒரு வண்டியின் வயிற்றுக்குள் தலையை விட்டுவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் கால்தான் ஆடும், பதில் வராது. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ஒன்றைத் தவிர. ஒரு போல்ட் இறுகிக் கிடந்தாலோ, தலை மழுங்கி ஸ்பேனர் வழுக்கினாலோ, "எந்தப் புண்ணியவான் இதுல கை வெச்சான்?" என்று ஆரம்பித்துவிடுவார். அதற்கு முன் அந்த வண்டியைத் தொட்டவனின் ஏழு தலைமுறையும் சந்திக்கு வரும். மெக்கானிக் என்றாலே அப்படித்தானாம், என் மகள் சொல்கிறாள். இருக்கட்டுமே. ஊரே திட்டினால் அது சரியாகிவிடுமா?

முறுக்கி முடித்த போல்ட்டில் எல்லாம் பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைப்பார், இறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக. எங்கள் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலம் அது. "நீலம் இருந்தா என் வேலை அத்தை, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்பார். கண்ணை மூடிக்கொண்டு யார் வண்டி ஓட்டுவது என்று நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை ஆயிற்றே.

அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன்காரம்மா வந்தாள். சாவியைத் திருப்பினால் வேன் இருமுகிறது, எழுந்திருக்கவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற வேண்டும் என்று மாப்பிள்ளை அடியில் படுத்தார். நான் டார்ச் பிடித்தேன். கீழ் போல்ட் வந்துவிட்டது. மேல் போல்ட் இன்ஜினுக்கும் பின்சுவருக்கும் நடுவில், கை நுழைந்தால் கண் நுழையாத இடத்தில். தடவித் தடவி ஸ்பேனரை மாட்டினார். வழுக்கியது. இன்னொரு தடவை மாட்டினார். முட்டித் தோல்தான் போனது.

"தலையே இல்ல! வட்டமா மழிச்சு வெச்சிருக்கான். யாரும்மா கடைசியா கை வெச்சது?"

"போன மாசம் சுத்தியல் பார்த்தாரு."

அடுத்த தெரு மெக்கானிக்குக்குச் சுத்தியல் என்று பட்டப்பெயர். எதையும் தட்டித்தான் பார்ப்பார்.

"அப்ப கேக்கவே வேணாம். அந்த ஆளுகிட்ட வண்டியக் குடுக்குறதும் ஆத்துல விடுறதும் ஒண்ணுதான்."

வேன்காரம்மா அதற்குமேல் நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

மாப்பிள்ளை மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த குழாயைக் கழற்றினார். ஒரு அளவு சின்ன சாக்கெட்டை அந்த மொட்டைத் தலைமேல் வைத்து, நீளக் கம்பியால் அடித்து இறக்கினார். ஆமாம், தட்டித்தான். பல்லைக் கடித்துத் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம். போல்ட் அசைந்தது.

வெளியே கொண்டுவந்து துணியால் துடைத்தார். வாஷர் ஓரத்தில் நீலம். எங்கள் ஜன்னல் நீலம்.

நானும் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். விரல்களை மூடிக்கொண்டார்.

"முன்னாடி இந்த வேனுக்குக் கிளட்ச் மாத்தினப்ப... இதையும் கழட்டினேன்" என்றார், தனக்குத்தானே. பிறகு, "டீ இருக்கா அத்தை?"

"இல்ல." இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை.

அதற்குள் வேன்காரம்மா மூச்சு வாங்க வந்துவிட்டாள். "நாலு பேர் முன்னாடி கிழிச்சுட்டேன் தம்பி! ஒயரைத்தான் துடைச்சேன்னு ஒரு தடவை சொன்னாரு, அப்புறம் வாயே திறக்கல. பைக் குடுக்க வந்திருந்த ஒருத்தன் அப்படியே திரும்பத் தள்ளிக்கிட்டுப் போயிட்டான்."

காலடியில் கழிவு எண்ணெய் டின் இருந்தது. கையைத் தளர்த்தினால் போதும், போல்ட் உள்ளே விழுந்துவிடும், விஷயம் முடிந்துவிடும். மாப்பிள்ளையின் கண் அந்த டின்னுக்குப் போனது. நான் டார்ச்சை அணைக்கவில்லை. அணைக்கத் தோன்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையை விரித்தார். "இது என்னோடதும்மா. நான் மழிச்சதுதான்."

வேன்காரம்மாவின் முகம் செத்துப்போனது. "அடப்பாவி மனுஷா! அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வந்திருக்கேனே!"

கைகூடக் கழுவாமல் மாப்பிள்ளை நடந்தார். வேன்காரம்மா பின்னால். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போனேன்.

சுத்தியல் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதிர் டீக்கடைப் பெஞ்சில், வேன்காரம்மா கத்தியதைக் கேட்ட அதே ஆட்கள். மாப்பிள்ளை குனிந்து போல்ட்டை அவர் முன்னால் வைத்தார். "அண்ணே... இது என் வேலைண்ணே. தெரியாம உங்களச் சொல்லிட்டேன்." எனக்கே காதில் விழவில்லை.

சுத்தியல் நிமிரவில்லை. "சத்தமா சொல்லு தம்பி. இந்தம்மா சத்தமாத்தான் சொல்லுச்சு."

மாப்பிள்ளையின் காது சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். டீக்கடைப் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். பெஞ்சிலிருந்து ஒருவன், "கண்ணை மூடிக்கிட்டு முறுக்கினீங்களோ?" என்றான். சிரித்தார்கள். வேன்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்து நின்றாள்.

"சரி போ. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும், வண்டிய முடிச்சுக் குடு" என்றார் சுத்தியல்.

புது போல்ட் போட்டு வேன் கிளம்பியது. பைக்கைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனவன் மட்டும் இது எதையும் கேட்கவில்லை. மறுவாரம் அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு எங்கள் பட்டறைக்கே வந்தான்.

"சுத்தியல் அண்ணன்கிட்ட கொண்டு போங்க" என்றார் மாப்பிள்ளை, வண்டிக்கு அடியிலிருந்தே.

"அந்த ஆளா? வேனைப் பாழாக்கினவராச்சே?"

கால் ஆடுவது நின்றது. பிறகு ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

அன்றைக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன்.