கல்லில் வெட்டச் சொன்ன இரண்டு வரி

என் அப்பாவுக்குக் கல்லறை இல்லை. சில வருஷம் இருந்தது. பிறகு அந்தக் குழியில் வேறு யாரையோ வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சொந்தக் கல்லறை இல்லாதவர்களுக்குப் பின்மதில் ஓரம்தான் இடம். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். மண்ணை மேடாக்கி ஒரு மரச்சிலுவை நட்டுவிட்டு வரலாம். கொஞ்ச காலம் போனதும் அதே மண்ணைத் திரும்பத் தோண்டுவார்கள். ஆனால் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தக் கல்லறை இருந்தது. தாத்தா கட்டியது, வாசலில் நின்றாலே தெரியும். அதில் அப்பாவை வைக்கப் பெரியப்பா விடவில்லை.

பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சுப் பென்ஷன், மாடி வீடு, பிள்ளைகள் பாரீஸில். அப்பா மில் தொழிலாளி. மீனவக் குப்பத்தில் பிறந்த அம்மாவை விரும்பிக் கட்டிக்கொண்டவர். அந்தக் கோபத்தை அப்பா செத்த அன்றுதான் பெரியப்பா தீர்த்துக்கொண்டார். சாரம் பகுதியில் எங்கள் வீட்டுக்குள் பெட்டியில் அப்பா கிடக்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்: "மீன்காரி புருஷனுக்கு எங்கப்பா பக்கத்துல எடம் கெடையாது."

அம்மா அவர் காலில் விழுந்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார். நானும் தம்பியும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு ஒரு கல்லறைத் திருநாள். நவம்பர் இரண்டாம் தேதி, பெரிய மார்க்கெட்டில் சாமந்தி மாலை வாங்கிக்கொண்டு மூவரும் போனோம். அப்பா இருந்த இடத்தில் புதுச் சிலுவை, அதில் ஒரு பெண்ணின் பெயர். குழி வெட்டுகிறவரைத் தேடிப் பிடித்துத் தம்பி கேட்டான்.

"எங்கப்பா எலும்ப எங்க போட்டீங்க?"

"அங்கதாம்பா கெடக்கும், கீழ எங்கயாவது."

அம்மா மாலையைப் பிய்த்துப் பாதியை அந்தப் பெண்ணின் மேட்டில் வைத்தாள். மீதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு வரை வந்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பெரியப்பாவை விடக் கூடாது என்று. எப்படி என்றுதான் தெரியவில்லை.

தம்பி இந்திய ராணுவத்தில் சேர்ந்தான். மலை எல்லையில், துப்பாக்கிச் சண்டையில் இறந்தான். தேசியக்கொடி போர்த்திய பெட்டியில் வந்தபோது ஊரே தெருவில் நின்றது. கல்லறைத் தோட்டத்தில் முன்வரிசையில் அவனுக்கு இடம் கொடுத்தார்கள். பெரியப்பாவும் வந்தார், கோட்டு போட்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு. அம்மா மயங்கிக் கிடந்தாள். நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். மடித்த கொடியோடு வந்த அதிகாரி, குடும்பத்தில் பெரியவர் யார் என்று கேட்டார். பெரியப்பா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

காரியம் முடிந்து அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கொடி ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது.

"பட்டாளத்தான் கொடி பட்டாளத்தான் வீட்ல இருக்கணும். உங்களுக்கு அதோட மரியாத என்னா தெரியும்?" என்றார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் தன் பட்டாளத்துச் சிநேகிதர்களோடு வருவார். தம்பி கல்லறை முன்னால் சல்யூட் அடிப்பார். "எங்க வம்சத்து ரத்தம்" என்பார். யாராவது போட்டோ எடுப்பார்கள். போட்டோவுக்காக அம்மா ஒதுங்கி நிற்பாள், பெற்ற மகன் தலைமாட்டிலிருந்து.

இரண்டு வருஷத்துக்கு முன் மழையில் தம்பியின் கல் விரிசல் விட்டது. புது கிரானைட் போட வேண்டியிருந்தது. தம்பி பெயருக்குக் கீழே வெட்டச் சொல்லி இரண்டு வரி கொடுத்தேன். கல் வெட்டும் கடைக்காரர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், இதப் போடலாமா? பிரச்சன வருமே."

"வரட்டும். ஆழமா வெட்டுங்க."

அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்த வருஷத் திருநாளன்று, பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போன நேரம், பெரியப்பா கூட்டத்தோடு வந்தார். சல்யூட் அடிக்கக் கை தூக்கியவர் நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற சிநேகிதர் குனிந்து சத்தமாகவே படித்தார்.

"இவன் தந்தையின் உடல் இத்தோட்டத்தில் எங்கே என்று தெரியாது. குடும்பக் கல்லறையில் இடம் தர அவருடைய அண்ணன் மறுத்துவிட்டார்."

"அண்ணன்னா... நீதான?" என்று கேட்டார் அவர்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "என்னாடி எழுதி வச்சிருக்க?"

"நடந்ததத்தான் பெரியப்பா. ஒரு எழுத்து தப்புன்னா சொல்லுங்க, மாத்திடறேன்."

போட்டோ எடுக்க வந்த பையன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். சிநேகிதர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்தார்கள். பெரியப்பா தனியாக வாசலுக்கு நடந்தார். அவர் போகும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "இன்னொரு வாட்டி படி" என்றாள்.

மறுநாள் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். மெடல் இல்லை, கோட்டு இல்லை. கையில் ஒரு துணிப்பை. அதில் கொடி.

"இத வச்சிக்க. அந்த ரெண்டு வரிய எடுத்துடும்மா. ஊரு காறித் துப்புது."

பையை வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். "இது எங்களுது. கல்லு அப்படியே இருக்கும்."

"நான் செத்தப்புறமாவது?"

"அப்பத்தான் முக்கியமா இருக்கணும்."

யார் வந்தாலும் முதலில் நாற்காலி எடுத்துப் போடுகிற அம்மா அன்றைக்கு அசையவில்லை. அவர் நின்றபடியே திரும்பிப் போனார்.

சாமியார்கூடக் கூப்பிட்டுப் பேசினார். மன்னிப்பதுதானே நம் வேதம் என்றார். "அப்பா எங்க கெடக்கறார்னு காட்டுங்க ஃபாதர், அன்னிக்கே அழிச்சிடறேன்" என்றேன். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை.

போன மாதம் பெரியப்பா இறந்தார். பாரீஸிலிருந்து பிள்ளைகள் வந்து தாத்தா பக்கத்திலேயே வைத்தார்கள். நானும் போயிருந்தேன். மனசு இளகும் என்றுகூட எதிர்பார்த்தேன். இளகவில்லை. அடக்கம் முடிந்து திரும்பிய கூட்டம் தம்பியின் கல்லைக் கடந்துதான் வாசலுக்கு வரவேண்டும். பெரியப்பாவின் மூத்த மகன் அங்கே நின்றான். தமிழ் மறந்துபோனவன், எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான். முடிக்கும் வரை நான் காத்திருந்தேன்.