சனிக்கிழமைகளில் அம்மா மடியில் இருந்த போன்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களில் சிலர், அம்மா வெளிநாடு போய் மதம் மாறிவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேசியவர்கள். அவர்களும் இதைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று மகளாகிய நான் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா பிறந்தது சிலமலை. அப்பா காலமான பிறகு, விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டத்தில் காயெடுத்தே என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். மலையாளம் அங்கே ஒட்டிக்கொண்டது. அந்த மலையாளம்தான் அவரை இஸ்ரேல் வரை கொண்டுபோனது. சிறு வயதில் கேரளத்திலிருந்து அங்கே குடிபோன யூதப் பெரியவர் ஒருவர், நடக்க முடியாமல் போனபோது, தன் பாஷை பேசும் ஆள்தான் துணைக்கு வேண்டும் என்றாராம். அம்மா அவரை ஐயா என்றார். அவர் அம்மாவை, மகளே என்ற பொருளில், மோளே என்றார்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். காலையில் பெரியவரைச் சக்கர நாற்காலியில் ஜெப ஆலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது அம்மாவின் வேலை. பெரியவர்கள் ஜெபம் செய்ய, பக்கத்து அறையில் ஒரு டீச்சர் ஒன்பது பிள்ளைகளுக்கு வேதப் பாடம் நடத்துவார். முடிந்ததும் எல்லாரும் கூடிச் சாப்பிடுவார்கள், அம்மாவுக்கும் தட்டு உண்டு. அன்று முழுக்க ஒருவரும் போனைத் தொடமாட்டார்கள். இது தெரியாமல், பீரோ சாவி எங்கே என்று கேட்க நான் போன் போட்டுத் தொலைத்தேன். ஜெபத்தின் நடுவில் அது அலற, அத்தனை தலையும் திரும்பியது. அம்மா கூசிப்போய், அன்று முதல் சனிக்கிழமைகளில் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டார்.

பிறகு போர் வந்தது. ஏவுகணை வருமுன் போனில் எச்சரிக்கை வரும். ஊரின் அபாயச் சங்கு ஒலிப்பது சற்றுப் பிந்தித்தான். ஒரு சனிக்கிழமை சங்கு ஒலித்தபோது பெரியவரின் நாற்காலிச் சக்கரம் வாசற்படியில் சிக்கிக்கொண்டது. பாதுகாப்பு அறையின் கதவை மூடவும் வெளியே வெடிக்கவும் சரியாக இருந்தது. மறுநாள் டீச்சர் வீடு தேடி வந்தார். அவர் சொன்னதைப் பெரியவர் மலையாளத்தில் எடுத்துச் சொன்னார்: உயிரைக் காப்பதென்றால் ஓய்வுநாள் சட்டமும் விலகி நிற்கும், இனி அம்மா போனோடு பிள்ளைகள் அறை வாசலில் உட்கார வேண்டும், எச்சரிக்கை வந்தால் கத்த வேண்டும்.

அம்மா ஒப்புக்கொண்டார், ஆனால் பயம் இரண்டு பக்கமும் இருந்தது. தப்பாகக் கத்திவிட்டால் மறுபடி அதே அவமானம். கத்தாமல் விட்டுவிட்டால் ஒன்பது பிள்ளைகள். மடியில் போனை வைத்துக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாராம், இடையில் எழுந்து போக வேண்டி வருமே என்று.

ஒரு சனிக்கிழமை அது வந்தேவிட்டது.

"எந்திரிங்க! வெரசா உள்ள போங்க!"

அம்மா கத்தியது சுத்தமான சிலமலைத் தமிழ். எல்லாருக்கும் புரிந்தது. பெரியவரை நோக்கி ஓடியவரை அவரே கையை உதறித் தடுத்தார். "மோளே, என்னெ விடு. குட்டிகளெ நோக்கு." ஆண்கள் இருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்கள். பாதுகாப்பு அறைக்குள் அம்மா பிள்ளைகளை எண்ணினார். எட்டுத் தலைதான் இருந்தது.

திரும்பப் பாட அறைக்கு ஓடினார். ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி பெஞ்சுக்கு அடியில் இருந்தாள். கைதவறி விழுந்த வேதப் புத்தகத்தை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம். சங்கு ஒலிக்கத் தொடங்கியும் முத்தமிட்டுக்கொண்டிருந்தாளாம். காலில் பட்ட புத்தகத்தை நம் பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லையா? அம்மா திட்டவில்லை. பிள்ளையையும் புத்தகத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு ஓடினார். கதவு சாத்திய பிறகே வெடித்தது. வெளியே வந்து பார்த்தபோது ஜன்னல் கண்ணாடி முழுக்க அந்தப் பெஞ்சின் மேல் கொட்டிக் கிடந்ததாம்.

பெரியவர் காலமானதும் அம்மா ஊர் திரும்பினார். "அங்க போயி அவுக சாமியக் கும்பிட்டீகளாமே" என்று சித்தப்பா ஒரு கல்யாணப் பந்தியில் வைத்தே கேட்டார். "எனக்கு அங்கன சோலி இருந்துச்சு கொழுந்தனாரே, போனேன்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு இலையில் சோற்றைப் பிசைந்தார். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

கடைசி மாதம் போடி ஆஸ்பத்திரியில் கழிந்தது. இஸ்ரேலில் அம்மாவின் இடத்தில் இப்போது ஒரு மலையாளிப் பெண் உட்காருகிறார் என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஊர் எச்சரிக்கை வரும் செயலியைத் தன் போனிலிருந்து அவர் எடுக்கவேயில்லை. ஒரு சனிக்கிழமை, நர்ஸ் சொன்னார் என்று நான் அந்தப் போனை அணைக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அணைச்சுராதடி. இப்ப அங்கன பிள்ளைக படிக்கிற நேரம்."

அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மலையிலிருந்து இறங்கி வந்து ரத்தம் கொடுத்த தோட்டத்து அக்காமாருக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த தம்பியின் நண்பர்களுக்கும், பேசியதையெல்லாம் மறந்து பாடைக்குத் தோள் கொடுத்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருந்த சனிக்கிழமை, மலருக்குப் படம் எடுத்துக் கொடுக்கச் சித்தப்பா வந்திருந்தார். முற்பகலில் அம்மாவின் போன் அலறியது. என்னவென்று கேட்டார், சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை, நின்றோம். வெகுநேரம் கழித்து அந்த மலையாளிப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. இப்போது பதினோரு பிள்ளைகளாம், பதினொன்றும் உள்ளே.

அதற்குப் பிறகே சித்தப்பா உட்கார்ந்தார். போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"சார்ஜு கம்மியா இருக்கு ஆத்தா. போட்டு வையி."